கோல்ட் செயின் (cold chain): தமிழில் என்ன சொல்லலாம்?

தடுப்பூசி பற்றிய செய்திகளில் ‘கோல்ட் செயின்’ அடிக்கடி வரும். குளிர் சங்கிலி என்று சிலர் எழுதுகிறார்கள், குளிர்பதனச் சங்கிலி என்று சிலர். தயாரிக்கும் ஆலையிலிருந்து குழந்தையின் தொடையில் ஊசி ஏறும் வரை மருந்தை உரிய வெப்பநிலையில், பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள், வைத்திருக்கும் மொத்த ஏற்பாட்டுக்கும் இதுதான் பெயர். கிடங்கு, வண்டி, ஆரம்ப சுகாதார நிலையத்து ஐ.எல்.ஆர். (சுற்றிலும் ஐஸ் அடுக்கு வைத்த குளிர்சாதனப் பெட்டி), கிராம சுகாதாரச் செவிலியர் தோளில் மாட்டிப்போகும் வேக்சின் கேரியர் என்ற குளிர்ப்பெட்டி, இதையெல்லாம் கவனிக்கிற ஆட்கள், எல்லாமே இதில் அடக்கம்.

இறைச்சியும் பாலும் கெடாமல் தூர ஊர்களுக்கு அனுப்பிய வியாபாரத்திலிருந்து வந்த சொல் இது. 1974-இல் உலக சுகாதார நிறுவனம் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கி, வெப்ப நாடுகளின் கடைசிக் கிராமம் வரை மருந்து போக வேண்டி வந்தபோது சுகாதாரத் துறையில் நிலைத்துவிட்டது.

‘குளிர்’ என்று மட்டும் சொன்னால் ஆபத்து இருக்கிறது. எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றிவிடும், அது தப்பு. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி தடுப்பு மருந்துகளில் அலுமினிய உப்பு இருக்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் அது திரிந்து கட்டிகட்டியாகிவிடும், அப்புறம் உருக வைத்தாலும் பழைய வீரியம் வராது. குப்பியில் ஒட்டியிருக்கும் வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சூடு ஏற ஏறச் சதுரம் கருக்கும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் மருந்து உறைந்ததை அந்த வட்டம் காட்டவே காட்டாது. அதனால்தான் ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் வைக்காமல், வெளியே வைத்து, மேலே வேர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை காத்திருக்கிறார்கள்.

சரி, தமிழில் எது பொருத்தம்? என் ஓட்டு ‘குளிர்பதனத் தொடர்’ என்பதற்கு. பதனம் என்றால் கவனம், பத்திரம், “பதனமா போயிட்டு வா” என்கிறோமே அதேதான். வெறும் குளிர் சொல்லாததைப் பதனம் சொல்லிவிடுகிறது. எபோலா தடுப்பூசியான எர்விபோவை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே வைக்க வேண்டும், பென்டாவேலன்ட்டோ உறையவே கூடாது. இரண்டுக்கும் இந்தப் பெயர் பொருந்தும். சங்கிலி என்பதும் தவறில்லை, ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு என்பதை அது நன்றாகக் காட்டும். பேச்சில் அதையே வைத்துக்கொள்ளலாம்.

தடுப்பூசி கிடைப்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு பெரிது. 2024-இல் உலகில் சுமார் 1 கோடியே 43 லட்சம் குழந்தைகளுக்கு முக்கூட்டுத் தடுப்பூசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) முதல் தவணைகூடக் கிடைக்கவில்லை. அதில் பாதிக்கு மேல் நைஜீரியா, இந்தியா, சூடான் உள்ளிட்ட 9 நாடுகளில். இந்தியாவில் எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதற்குப் பிறப்புகள் அதிகம் என்பதும் காரணம், சூடானில் போர். பக்கத்து இலங்கையில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்துவிடுகிறது. எல்லாப் பழியையும் குளிர்பதனத்தின் மேல் போட முடியாது, ஆனால் தொடர் முதலில் அறுவது கரண்டே இல்லாத ஊரில்தான்.

அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். புனேயில் தயாரான மெனாஃப்ரிவாக் என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை, 40 டிகிரி வரையான சூட்டில் 4 நாள் வரை ஐஸ் இல்லாமல் வைத்திருக்கலாம் என்று அனுமதித்தார்கள். 2012-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் அப்படியே கொண்டுபோய்ப் போட்டார்கள்.