ஃபார்மட் போடச் சொல்வதற்கு முன் அந்த ஹார்டு டிஸ்கைப் பாருங்கள்

போன ஆடி மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆட்டோவில் தன் சிபியுவைக் கொண்டுவந்து இறக்கினார். 2013-ல் வாங்கிய டெஸ்க்டாப். “தம்பி, தீபாவளிக்கு ஒரு தடவை ஃபார்மட் போட்டோம். ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. பொங்கல் கழிஞ்சதும் பழையபடி ஆயிடுச்சு. சித்திரையில திரும்பவும் போட்டோம். இப்ப ஆன் பண்ணிட்டுப் போய் உலை வச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. இன்னொரு தடவை போட்டுக் குடுத்துடுங்க” என்றார்.

“உள்ள என்னென்ன இருக்கு டீச்சர்?” என்று கேட்டேன்.

“சாரோட போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. டி டிரைவ்லதான் போட்டு வச்சிருக்கேன், அதனால பயமில்ல.”

சார் என்று அவர் சொன்னது மறைந்த கணவரை. எனக்குப் பயம் வந்தது. சி டிரைவ், டி டிரைவ் என்று நாம் பார்ப்பது பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரே டிஸ்கின் இரண்டு பாகங்கள்தான். ஒரே வீட்டில் நடுவே சுவர் வைத்துப் பிரித்த மாதிரி. சி-யை மட்டும் ஃபார்மட் போட்டால் டி-யில் உள்ளது தப்பிக்கும், உண்மை. ஆனால் டிஸ்கே போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இது தெரியாமல் கல்யாண ஆல்பம், பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் டி-யில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் வீடுகள் ஏராளம்.

அந்த சிபியுவை ஃபார்மட் போடவில்லை. வழக்கமாகப் போடவும் விடமாட்டேன், டிஸ்கைப் பார்க்கும் வரை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண ஹார்டு டிஸ்கினுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழலும். அதன்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் நகர்ந்து படிக்கும். 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்டு. கை சரியான தடத்துக்குப் போகவும், வேண்டிய இடம் சுழன்று அதன்கீழ் வரவும் சேர்த்து ஒரு துண்டுத் தகவலுக்குச் சுமார் 15 மில்லி செகண்டு ஆகிவிடும். கேட்கச் சின்னதுதான். ஆனால் விண்டோஸ் எழுந்து நிற்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கேட்கும். பத்தாயிரம் துண்டு என்று வைத்தால் 150 செகண்டு, இரண்டரை நிமிடம், காத்திருப்பிலேயே போய்விடும். எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்கில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. அதே துண்டு 0.1 மில்லி செகண்டுக்குள் கைக்கு வந்துவிடும். பழைய கம்ப்யூட்டரின் மந்தத்துக்கு ப்ராசஸர்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலும் ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் எப்போது கொடுக்கும் என்று.

இது நல்ல டிஸ்கின் கதை. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் இன்னொரு ரகம். தட்டில் ஒரு சிறு பகுதி படிக்க முடியாமல் போனால், டிஸ்க் உடனே “முடியாது” என்று சொல்லாது. திரும்பத் திரும்ப முயலும், சில செகண்டுகள் வரைகூட. அதுவரை அந்தத் தகவலுக்காகக் காத்திருக்கும் எல்லாமே நிற்கும். மவுஸ் நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அசையாது. நாம் அதை “ஹேங் ஆகுது” என்கிறோம்.

அப்படியானால் ஃபார்மட் போட்டதும் இரண்டு மாதம் ஏன் நன்றாக ஓடியது? டீச்சர் இதைத்தான் கேட்டார், நியாயமான கேள்வி. படிக்க முடியாத இடத்தின்மேல் புதிதாக எதையாவது எழுத வந்தால், டிஸ்க் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டுத் தன்னிடம் உள்ள உபரி இடத்தை அதற்குப் பதிலாகத் தரும். அதோடு புது விண்டோஸின் ஃபைல்கள் வேறு இடங்களில் போய் உட்காரும். கூடவே சேர்ந்திருந்த குப்பை நிரல்களும் போய்விடும். ஆக, கொஞ்ச நாள் தெளிந்த மாதிரி இருக்கும். தட்டின் சேதமோ அப்படியே இருக்கிறது, பெரும்பாலும் பரவிக்கொண்டும் இருக்கிறது. காய்ச்சல் மாத்திரை போட்டதும் உடம்பு குளிர்வதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நினைப்பது போலத்தான் இது. நடுவே கிடைத்த அந்த இரண்டு மாதம்தான் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றக் கிடைத்த அவகாசம். யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்கைத் தொடுங்கள். 100 சதவீதம் என்று காட்டினால், டிஸ்க் நிறைய வேலை செய்கிறது என்று பொருளில்லை, அந்த நேரம் முழுக்க ஓயாமல் ஈடுபட்டிருந்தது என்றுதான் பொருள். அதன் கீழே ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று ஒரு எண் இருக்கும். பலரும் கவனிக்காத எண் அது. நல்ல ஹார்டு டிஸ்கில், வேலை நடக்கும்போது பத்து, இருபது, ஐம்பது மில்லி செகண்டு என்று ஏறி இறங்கும். டீச்சரின் டிஸ்கில் எதையும் திறக்காமல் விட்டிருக்கும்போதே 2,000-ஐத் தாண்டி நின்றது. கடத்தும் வேகமோ செகண்டுக்கு ஒரு எம்பிகூட இல்லை.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டை அது படித்துக் காட்டும். நீல நிறம் என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் கதை முடிந்தது. டீச்சருடையது மஞ்சள். அதில் 05 என்ற வரி, ஏற்கெனவே ஒதுக்கிவைத்த கெட்ட இடங்களின் கணக்கு. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் இடங்களின் கணக்கு. இரண்டிலும் எண் இருந்தது. இந்த இரண்டு வரியும் பூஜ்யமாக இல்லாவிட்டால், குறிப்பாக வாரத்துக்கு வாரம் கூடினால், அன்றைக்கே பேக்கப் எடுங்கள். நீலமாக இருந்துகொண்டே திடீரென்று செத்துப்போன டிஸ்குகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே நீலத்தை நம்பி பேக்கப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த நிலையில் உள்ள டிஸ்கில் செக் டிஸ்கை ஓட விடாதீர்கள். டிஃப்ராக்மென்ட் செய்யாதீர்கள். ஆன்டிவைரஸின் முழு ஸ்கேன்கூட வேண்டாம். எல்லாமே தட்டை வெகுநேரம் துழாவும் வேலைகள். மிச்சமிருக்கும் உயிரையும் அதிலேயே செலவழித்துவிடும். முதலில் போட்டோ, பிறகு ஆவணங்கள், அதன்பிறகுதான் மற்றதெல்லாம். டிக், டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே பவரை அணைத்துவிடுங்கள்.

டீச்சரின் டிஸ்கைக் கழற்றி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் என் கம்ப்யூட்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் அப்படியே நகல் எடுத்தேன். நன்றாகப் படிக்க வரும் இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியாகத் திரும்பி வருவது அதன் முறை. நோயாளி டிஸ்குக்கு இதுதான் சரி. ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் ஓடியது. கடைசியில் ஏழு போட்டோக்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. மற்ற எல்லாம் கிடைத்தன. அவருடைய பழைய பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சார் மைக் முன்னால் நிற்கும் படம் முழுசாக இருந்தது.

பிறகு அந்த சிபியுவில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன். பழைய டிஸ்கில் இருந்த அதே கேபிள்தான், மதர்போர்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இப்போது நாற்பது செகண்டுக்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. பழைய போர்டில் சாட்டா 2 என்ற பழைய இணைப்பு மட்டும் இருந்தால் எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்று சிலர் தயங்குவார்கள். கிடைக்காதுதான். ஆனால் நாம் உணர்கிற வித்தியாசம் அந்தக் காத்திருப்பு நேரம் குறைவதில் வருகிறது, அது அங்கேயும் குறையும். வாங்கும்போது கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். எஸ்எஸ்டி விளிம்புவரை நிரம்பினால் அதுவும் மந்தமாகும்.

ரேம் பற்றியும் சொல்ல வேண்டும். ரேம் என்பது அடுப்பு மேடை, டிஸ்க் என்பது பரண். மேடை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்தையும் பரணுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டே சமைக்க வேண்டும். பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தாலே 4 ஜிபி மேடை நிறைந்துவிடுகிறது. 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். உங்கள் போர்டுக்கு எந்த வகை ரேம், டிடிஆர்2-வா, 3-ஆ, 4-ஆ என்று பாருங்கள், ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. போட்டிருக்கும் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்றும் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. 8 ஜிபிக்குப் பணம் கொடுத்து, பாதிகூடப் பயன்படாமல் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

லேப்டாப் என்றால் சூட்டையும் பார்க்க வேண்டும். மெத்தைமேல் வைத்துப் படம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களின் லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் பஞ்சு கம்பளி மாதிரிப் படிந்திருக்கும், விரலால் உரித்தே எடுக்கலாம். காற்று போக வழியில்லாமல் நூறு டிகிரியை நெருங்கும்போது ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆன் செய்த கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு படுத்துக்கொள்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தூசு எடுத்து, ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் மாற்றினால் போதும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், விண்டோஸ் 10-லும் 11-லும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கம்ப்யூட்டர்களில் ஷட்டவுன் கொடுத்தாலும் உள்ளே ஒரு பகுதியை அப்படியே சேமித்துவைத்துக்கொண்டுதான் தூங்கும், ரீஸ்டார்ட்தான் முழுதாக எழுப்பும்.

வேகப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லும் கிளீனர், பூஸ்டர் நிரல்களைப் போடாதீர்கள். “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்” என்று திரை நிறைய வந்தால் அது ஏமாற்று. அழைத்தால், மறுமுனையில் உள்ளவர் உங்கள் திரையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு வங்கிக் கணக்கு வரை போய்விடுவார். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். கிராக் செய்த விண்டோஸும் ஆபீஸும் இதே வகைதான். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்து, உங்கள் ப்ராசஸரை வைத்து யாருக்கோ கிரிப்டோ நாணயம் எடுத்துக்கொண்டிருந்த நிரல்களைப் பலமுறை நீக்கியிருக்கிறேன்.

சரிசெய்ய முடியாதவையும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. மலிவு லேப்டாப்கள் சிலவற்றில் 32 ஜிபி சேமிப்பு போர்டிலேயே ஒட்டியிருக்கும். ரேமும் அப்படியே. அவற்றில் மாற்ற ஒன்றுமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். 2013 போர்டு அதற்கு ஆகாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. யூடியூப், மெயில், கடிதம் டைப் செய்வது இவ்வளவுதான் தேவை என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பு நன்றாக ஓடும், தமிழ் டைப்பிங்கும் உண்டு. டீச்சருக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் ஸ்டார்ட் மெனு தேடினார். மூன்றாம் நாள் போன் செய்து, பேத்திக்குத் தானே மெயில் அனுப்பியதாகச் சொன்னார்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பழைய டிஸ்கைத் திருப்பிக் கேளுங்கள், அது உங்களுடையது. டெலிட் செய்தாலும், சாதாரணமாக ஃபார்மட் போட்டாலும் உள்ளே இருப்பது அழிவதில்லை, அதற்கென்றே உள்ள நிரல்களால் அடுத்தவரும் மீட்டெடுக்கலாம். ஆதார் நகலும் பாஸ்புக்கும் இருக்கும் டிஸ்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். டீச்சரின் டிஸ்கை ஒரு கவரில் போட்டு, மேலே தேதியும் “பழுது, பயன்படுத்த வேண்டாம்” என்றும் எழுதி அவரிடம் கொடுத்தேன். போட்டோக்கள் புது எஸ்எஸ்டியில் ஒரு பிரதி, வெளியே மாட்டும் டிஸ்கில் இன்னொரு பிரதி. அந்த இரண்டாவது, இப்போது சென்னையில் மகள் வீட்டு பீரோவில் இருக்கிறது.