செல்போனுக்குள் இருந்த சீசன் டிக்கெட்

போன வாரம் ஓர் அம்மா வந்தார். துணிப்பையிலிருந்து மகனின் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடி நொறுங்கி, இடுக்கெல்லாம் ஜல்லித்தூள். காலை நெரிசலில் புறநகர் ரயிலின் வாசலில் நின்று பயணம் செய்த பையன், விழுந்து இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. "டிக்கெட் இல்லையென்று எழுதிவிட்டார்களாம். ஒன்றும் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள்" என்றார்.

எல்லோரும் என்றால் யார்? சட்டம் படித்தவர் ஒருவராவது அதில் உண்டா? ரயில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு ஆற்றாமையாக இருக்கிறது.

2015இல் சென்னைப் புறநகர் ரயில்களுக்குச் செல்போன் டிக்கெட் வந்தது. கவுன்ட்டர் வரிசை குறைந்தது, நல்லதுதான். ஆனால் சட்டைப்பையில் இருந்த சீட்டு செல்போனுக்குள் போய்விட்டது. விழுந்தவரோடு போனும் உடைகிறது, அல்லது பூட்டிக் கிடக்கிறது. பிரேத விசாரணை அறிக்கையில் 'பயணச்சீட்டு இல்லை' என்று ஒரு வரி ஏறுகிறது. குடும்பம் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது.

அது தீர்ப்பு இல்லை. உடலருகே டிக்கெட் கிடைக்காததை மட்டும் வைத்து, இறந்தவர் முறையான பயணி இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பத்தார் உண்மைகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். அதன்பின் மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயுடையது. ஏறும்போதோ இறங்கும்போதோ கவனக்குறைவாக இருந்தார் என்பதும் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. இந்த இழப்பீட்டுக்கு வழிசெய்யும் ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவில் பிளாட்பார டிக்கெட் வைத்திருப்பவரும் பயணிதான். உயிரிழப்புக்கு 2017 முதல் எட்டு லட்சம் ரூபாய். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து அடிபட்டால் இந்தப் பிரிவு துணைக்கு வராது. அதைச் செய்யாதீர்கள், ஒருநாளும்.

ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள். அதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். உடைந்த போனையும் சிம் கார்டையும் தூக்கி எறியாதீர்கள். எந்த எண்ணில் சீசன் டிக்கெட் எடுக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது இன்றே சொல்லிவையுங்கள். புதுப்பித்ததும் திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்துக்குத் தானாகக் கதவு மூடும் ஏ.சி. ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். என்னிடம் வரும் குடும்பங்களின் பிள்ளைகள் போவதோ ஐந்து ரூபாயில் டிக்கெட் தொடங்கும் சாதாரண ரயிலில். அதன் கதவு மூடாது. தம்பிகளே, அடுத்த ரயில் வரும்; வாசலைவிட்டு உள்ளே வாருங்கள்.

தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை அந்த அம்மாவுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். மகன் டிக்கெட் எடுத்த செல்போன் எண் தெரியுமா என்று கேட்டேன். பத்து இலக்கங்களையும் தடுமாறாமல் சொன்னார்.