பம்பிங் டெஸ்ட் இரவில் யார் இருப்பது?

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. அதன்மேல் மட்கிய பாறையும் செம்மண்ணும் போர்த்திய அடுக்கில் மழைநீர் தங்கி, சரிவின் கீழே ஊற்றாகக் கசிகிறது. எந்த ஊற்று ஏப்ரலில் மெலியும், எதில் துருவாடை வரும் என்பதைக் குடம் சுமந்த பெண்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். ஆனால் அதே அறிவு சம்பளமும் பதவியும் உள்ள தொழிலாக மாறும்போது அவர்களின் மகள்களை அதிகம் காண முடிவதில்லை. 28 நாடுகளின் 64 குடிநீர் நிறுவனங்களை ஆராய்ந்து 2019-இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, பணியாளர்களில் பெண்கள் சுமார் 18 சதவீதமே என்றது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் லாரிகளில் பெண்ணைத் தேடினால் அந்த 18-ஐயே பெரிய எண் என்போம்.

கோத்தகிரி வட்டாரத்தில் நிலத்தடி நீர் ஆய்வு செய்பவள் என்ற முறையில் எனக்குப் படுவது இதுதான்: இந்தத் துறையில் பெண்களை விரட்டுபவர்களைவிட, அக்கறையோடு வீட்டுக்கு அனுப்பிவைப்பவர்களே அதிகம்.

ஒரு கிணறு எவ்வளவு நீர் தரும் என்று அறியச் செய்யும் பம்பிங் டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து ஒரே வேகத்தில் நீரை இறைத்தபடி, முதல் சில நிமிடங்களுக்கு நிமிடத்துக்கொரு முறையும் பிறகு இடைவெளி விட்டும் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். கிணற்றில் இறக்கும் அளவு நாடாவின் முனை நீரைத் தொட்டதும் பஸ்ஸர் ஒலிக்கும். கடினப் பாறையில் நீர் தருவது வெடிப்புகள் என்பதால், ஒரு வெடிப்பு வறண்டதும் அதுவரை மெல்ல இறங்கிய மட்டம் சட்டென்று சரியும். 24 மணி நேரச் சோதனையில் அது பெரும்பாலும் பல மணி நேரம் கழித்து, அதாவது இரவில், நிகழக்கூடியது. அந்த நேரத்தில்தான், "நீங்க கிளம்புங்கம்மா, ராத்திரி பசங்க பார்த்துப்பாங்க" என்பார்கள். மறுநாள் காலையில் வரும் தாளில் ஒவ்வொரு அரைமணிக்கும் இரண்டு சென்டிமீட்டர் என்று ஒழுங்காக இறங்கியிருக்கும்; பசங்க நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள் என்று புரியும். நேர்காணலில், "தனிப்பொறுப்பில் எத்தனை சோதனை நடத்தினீர்கள்?" என்று கேட்கும்போது, மாலையில் அனுப்பப்பட்ட பெண்ணிடம் பதில் இருக்காது. அவளுக்கு ஆய்வகமும் அறிக்கைத் தட்டச்சுமே மிஞ்சும்.

காட்டெருமையும் கரடியும் உலவும் தேயிலைத் தோட்டத்தில் இரவு ஆபத்தானது என்பது உண்மை; ஆனால் அவை ஆணா பெண்ணா என்று பார்த்து விலகுவதில்லை. ஒரு ஷிஃப்டில் இரண்டு பெண்கள், விடியும்வரை தளத்திலேயே நிற்கும் ஜீப், அருகிலுள்ள லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) கழிப்பறைக்கு ஏற்பாடு, காலுக்குப் பொருந்தும் கம்பூட் ஆகியவற்றின் செலவு ரிக் வாடகைக்கு முன் ஒன்றுமில்லை. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பணி நிமித்தம் செல்லும் களமும் அதற்கு நிறுவனம் தரும் வண்டியும் பணியிடமே. பத்துப் பேருக்குக் குறைவான ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம்; ரிக் குழுக்கள் பெரும்பாலும் அப்படிச் சிறியவை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நுழையும் வழி கடினமானதல்ல. நிலவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் யூபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு மூலம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் சேரலாம். மாநிலத் துறைகளும் தனியார் ஆலோசனை நிறுவனங்களும் இருக்கின்றன.

பட்டம் இல்லாதவர்களையும் மறக்கக்கூடாது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தரச் சொல்கிறது. இவர்களுக்கே வாளியும் ஸ்டாப்வாட்சும் கொடுத்து ஊற்றையும் அளக்கச் சொல்லலாம்: பத்து லிட்டர் வாளி 25 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 24 லிட்டர். மாதந்தோறும் ஒரே இடத்தில் எடுத்த இத்தகைய அளவீடு, நான் வெளியூரிலிருந்து ஒருநாள் வந்து செய்யும் ஆய்வைவிட மதிப்புள்ளது. அதைச் சேவை என்று புகழ்வதை நிறுத்திவிட்டு நாட்கூலி கணக்கில் சேர்க்க வேண்டும்.

புதிதாகச் சேரும் பெண்கள் ஒவ்வொரு களநாளிலும் தளம், கருவி, அளவீட்டு நேரம் ஆகியவற்றைச் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி, அன்றே மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் அளவீடு எடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வரும்வரை கேளுங்கள்.