சோலை வரிச் சீட்டில் யாருடைய பெயர்?

போன மாதம் உவர்மலையிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் புடவைக்கடைப் பை. உட்காரும் முன்பே அதை என் மேசையில் கவிழ்த்தார். ரப்பர் வளையம் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போன பற்றுச்சீட்டுக் கட்டுகள், ஓரமெல்லாம் கறையான் தின்ற தடம். "தம்பி, ஒரு வருசமும் விடாமல் சோலை வரி கட்டியிருக்கிறன். அப்பிடியிருந்தும் வங்கியில கடன் தரமாட்டாங்களாம். இது என்ன நியாயம்?"

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கட்டியது உண்மைதான். ஆனால் கடைசிச் சீட்டு வரைக்கும் பெயர் அவருடைய அம்மம்மாவுடையது. அம்மம்மா இறந்து இருபது வருடத்துக்கு மேல்.

எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்வழியாகத்தான் போகிறது. அம்மம்மா தன் மகளுக்குச் சீதனமாக எழுதினார், அந்த மகள் இந்த அக்காவுக்கு எழுதினார். இரண்டு உறுதிகளும் காணிப் பதிவகத்தில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. சோலை வரி வாங்கும் உள்ளூராட்சி சபைக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. உறுதி முடித்த நொத்தாரிசு சொல்லாமல் விட்டிருக்கலாம், சொன்னதைக் கல்யாண அமளியில் யாரும் காதில் வாங்காமலும் விட்டிருக்கலாம். காணிப் பதிவகத்தின் ஏடு வேறு, சபையின் வரி ஏடு வேறு. ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாக ஏறிவிடும் என்றுதான் படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். ஏறாது. நீங்கள் போய்க் கேட்க வேண்டும்.

திருகோணமலை நகரில் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் வேலை செய்கிறேன். வரி கூடிவிட்டது என்று என்னிடம் வருகிறவர்கள் குறைவு. சீட்டில் பெயரும், சபை வீட்டுக்குக் கொடுத்த வரி இலக்கமும் பிழைத்துப்போய் வருகிறவர்கள்தான் அதிகம். தொகை சின்னது என்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விற்க, கடன் எடுக்க, பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுக்க வரும்போதுதான் எல்லாம் வெளியே வருகிறது.

சோலை வரி என்ற பெயர் அழகானது. வளவில் ஒரு முருங்கைகூட இல்லாதவரும் கட்டத்தான் வேண்டும். ஆதன வரி, மதிப்பீட்டு வரி என்பதெல்லாம் இதுதான். இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டும் வருமான வரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. காணி வாங்கும்போது ஒருதரம் கட்டும் முத்திரைத் தீர்வையும் இது அல்ல. தெருவிளக்கு, வடிகால், குப்பை, உள்வீதி போன்றவற்றுக்காக உள்ளூராட்சி மன்றம் ஆதனத்தின்மேல் ஆண்டுதோறும் அறவிடுவது.

திருகோணமலை நெடுங்காலம் நகர சபை. இப்போது மாநகர சபை, 2025 உள்ளூராட்சித் தேர்தலும் மாநகர சபைக்கென்றே நடந்தது. ஆகவே 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டத்தை விட்டு, 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தைப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். பழைய சீட்டில் நகர சபை என்று இருப்பதால் அது செல்லாது என்று பயப்பட வேண்டாம், எறியவும் வேண்டாம். உப்புவெளிப் பக்கம் போனால் கதை வேறு. அது பட்டணமும் சூழலும் பிரதேச சபை. பிரதேச சபை, அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில்தான் இந்த வரியை அறவிடலாம். எல்லையோரத்தில் காணி வாங்குகிறவர்கள் எந்தச் சபைக்குள் வருகிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தொகை எப்படி வருகிறது? வீட்டின் விற்பனை விலையில் வீதம் போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். "பக்கத்து வளவு கோடிக்குப் போயிட்டுது, எனக்கு வரி ஏறப்போகுது" என்று ஒருவர் தூக்கமில்லாமல் வந்தார். அடிப்படை விற்பனை விலை அல்ல, ஆண்டுப் பெறுமதி. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன வாடகை எதிர்பார்க்கலாம் என்பதே அது. நீங்கள் உண்மையில் வாடகைக்கு விடுகிறீர்களா என்பது கேள்வியே இல்லை. இதை விலை மதிப்பீட்டுத் திணைக்களம் மதிப்பிடும். அதன்மேல் எத்தனை வீதம் என்பதைச் சபை தீர்மானிக்கும், குடியிருப்புக்கும் வியாபாரத்துக்கும் வெவ்வேறு வீதம் இருக்கலாம்.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன், இது உங்கள் சபையின் வீதம் அல்ல. ஆண்டுப் பெறுமதி 24,000 ரூபா, வரி 8 வீதம் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,920 ரூபா, காலாண்டுக்கு 480. முழு வருடத்துக்கானதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, அதாவது 1,728 ரூபா போதும். காலாண்டுக் காலாண்டாக, ஒவ்வொன்றின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம் கழிவு, நான்கும் சேர்த்து 1,824. இரண்டுக்கும் இடையில் 96 ரூபா, ஒரு ஓட்டோப் பயணத்துக்கும் காணாது. ஆனாலும் ஜனவரியில் முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பணத்துக்காக அல்ல. நாலு தரம் போக வேண்டியவர் இரண்டாம் தரத்தோடு மறந்துவிடுவார். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிற கையோடு இதையும் செய்துவிடுவது என் அம்மாவின் பழக்கம். ஜனவரி கடைசி வாரத்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்வதன் அருமை தெரியும்.

முன்வாசலில் கடை போட்டாலோ, மேல்மாடி கட்டி வெள்ளைக்காரருக்கு அறை விட்டாலோ மதிப்பு மாறும். அது நியாயமும்கூட. வியாபார அனுமதிப்பத்திரம் தனி, அதை எடுத்துவிட்டேன் என்பதற்காக இது கழியாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்று வழிபாட்டுக்கு மட்டும் பயன்படும் இடங்களுக்கு விலக்கு உண்டு. கோயில் வீதியோரத்தில் கட்டி வாடகைக்கு விட்ட கடைகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

புதிதாக மதிப்பிட்டால் வீட்டுக்கு அறிவித்தல் வரும். அதைப் படிக்காமல் அலுமாரிக்குள் வைத்துவிடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதில் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் "நான் ஓய்வூதியக்காரன், பிள்ளைகள் உழைப்பில்லை" என்று எழுதுகிறார்கள். மனது இளகும், மதிப்பு இளகாது. கேள்வி வாடகை பற்றியது, பதிலும் வாடகை பற்றியே இருக்க வேண்டும். அதே ஒழுங்கையில் அதே அளவு வீடு எவ்வளவுக்குப் போகிறது, உங்கள் வாசலுக்கு வாகனம் வருமா, மாரியில் முற்றத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், பின்பக்க அறை பூச்சில்லாமல் கிடக்கிறதா என்று எழுதுங்கள். இரண்டு படமும் சேருங்கள். விசாரணைக்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது, அதற்கும் கால எல்லை உண்டு. ஆட்சேபம் போட்டிருக்கிறேன் என்று வரியைக் கட்டாமல் இருப்பதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? முதலில் நினைவூட்டல், பிறகு வாறண்ட், அதற்கான செலவும் உங்கள் தலையில். வீட்டு அசையும் பொருட்களைக் கைப்பற்றவும், அது போதாதபோது ஆதனத்தின்மேலேயே கைவைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அந்த எல்லை வரை போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் நிலுவை ஆளைப் பார்த்துப் போகாது, காணியோடு கிடக்கும். வாங்குகிறவர் அதையும் சேர்த்தே வாங்குகிறார். முற்பணம் கொடுக்கும் முன் நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேளுங்கள். வங்கிக்குப் போகிறவர்களுக்கு இதோடு வீதியின் எல்லைக்கோடு காணிக்குள் வருகிறதா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழும், உரிமையாளர் யார் என்ற சான்றிதழும், காணியைச் சபை சுவீகரிக்கவில்லை என்ற சான்றிதழும் தேவைப்படும். எல்லாம் அதே கந்தோரில், அதே இலக்கத்தின்மேல்தான் கிடைக்கும்.

அந்த இலக்கத்தில் நானே ஒருமுறை சறுக்கினேன். தொழிலுக்கு வந்த புதிது. விற்பனை உறுதி ஒன்றில், காணியை விவரிக்கும் அட்டவணையில் வரி இலக்கத்தைப் பழைய உறுதியிலிருந்து அப்படியே எடுத்து எழுதினேன். இடையில் தெருவுக்குப் புது இலக்கம் போட்டிருந்தார்கள். வாங்கியவர் உறுதியைக் காட்டி அந்தப் பழைய இலக்கத்துக்கு மூன்று வருடம் வரி கட்டினார். அந்த இலக்கம் இப்போது இரண்டு வீடு தள்ளியிருப்பவருக்குரியது. அவருக்கோ, வரி யாரோ கட்டிவிடுகிறார்கள் என்ற அதிசயம். என் கட்சிக்காரரின் உண்மையான இலக்கத்தில் நிலுவை ஏறிக்கொண்டே போனது. என் செலவில் திருத்த உறுதி முடித்துக்கொடுத்தேன், இரண்டு வீட்டுக்காரரையும் உட்காரவைத்து ஒரு தேநீரும் கொடுத்தேன். அன்றிலிருந்து கடைசிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் அட்டவணை எழுதுவதில்லை. நீங்களும் உங்கள் உறுதியையும் கடைசிச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருதரம் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொரு விசயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வரி கட்டியவர் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் வீட்டைப் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டு வருடம் வரியும் கட்டிய தம்பி ஒருவர், "பத்து வருசம் தாண்டினால் எனக்குத்தானே, சேர்?" என்று கேட்டார். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருடம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அது உரியவருக்கு எதிராக, இடையூறு இல்லாமல் ஆண்ட பத்து வருடம். சித்தப்பா சம்மதித்து இருத்திய வீட்டில், சித்தப்பாவுக்காகக் கட்டிய வரி அந்தக் கணக்கில் வராது. சீட்டுகள் ஆட்சிக்கு ஒரு சான்றாக வழக்கில் உதவலாம், உறுதியின் இடத்துக்கு வராது. அரச காணி அனுமதிப்பத்திரத்தில் இருப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். எத்தனை வருடம் வரி கட்டினாலும் அனுமதிப்பத்திரம் உறுதியாக மாறாது, அதற்குப் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதையே மறுபக்கமிருந்து பார்க்க வேண்டும். இங்கே ஒருவருக்கு, உங்களுக்காகச் செயற்பட அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவமோ, குறைந்தது ஒரு கடிதமோ கொடுத்து, காசை வங்கி வழியாக அனுப்பி, சீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் எடுத்து வையுங்கள். இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் பெட்டியோடு உறுதியைத் தொலைத்த ஊர் இது. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடும்போது தேதியும் உறுதி இலக்கமும் தெரியாமல் நிற்கிறவருக்கு, பழைய வரிச்சீட்டில் இருக்கும் பெயரும் தெரு இலக்கமும்தான் பல தடவை நூல்நுனி. எங்கிருந்து தொடங்குவது என்று அது காட்டும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். இரண்டு சீதன உறுதிகளின் பிரதிகள், நில அளவை வரைபடம், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, அம்மம்மாவின் மரணச் சான்றிதழ், கடைசிச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். எழுதும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அம்மம்மாவின் வளவு எப்போதோ மூன்றாகப் பிரிந்து மூன்று சகோதரிகளுக்குப் போயிருக்கிறது. சபையில் இன்னும் ஒரே இலக்கம். அதாவது இந்த அக்கா இத்தனை வருடமும் தன் வீட்டுக்கு மட்டுமல்ல, இரண்டு சின்னம்மாமாரின் வீடுகளுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அவர்கள், அக்கா மகள் கட்டுகிறாள்தானே என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். இலக்கத்தை மூன்றாகப் பிரிக்கவும் சேர்த்தே விண்ணப்பித்தோம். சபையின் வருமானப் பரிசோதகர் வந்து அளந்து பார்த்துப் போயிருக்கிறார்.

அக்கா கணக்கெழுதும் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. அந்த வழக்கை மட்டும் என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.