மேகஸ், கிஷ், அப்புறம் அந்தக் "கலப்பின வகுப்பு"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேசையைச் சுற்றி ஐந்து பேர், நடுவில் பகடைகள், ஒரு தட்டில் மிக்சர். புதிதாகச் சேர்ந்த நண்பர் தன் பாத்திரத் தாளை முழுக்கத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். கையெழுத்தும் அழகு. பாராட்டலாம் என்று வாயைத் திறந்தபோது மூன்றாவது வரி கண்ணில் பட்டது: "கலப்பின வகுப்பு: மேகஸ்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தொடரை நான் பார்ப்பது அது நான்காவது தடவை. ஹைப்ரிட் கிளாஸ் என்ற ஆங்கிலத் தொடருக்கு யாரோ ஒருவர் எப்போதோ அகராதியைப் புரட்டி, கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார். மற்றவர்கள் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்கள். இனியும் பேசாமல் இருந்தால் அதுவே நிலைத்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்ஃபைண்டர் போன்ற மேசை விளையாட்டுகளில் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வாள் பிடிப்பார், ஒருவர் மந்திரம் போடுவார், ஒருவர் பூட்டைத் திறப்பார். இந்தப் பிரிவைத்தான் ஆங்கிலத்தில் கிளாஸ் என்கிறார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியான முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்: சண்டைக்காரர், மந்திரக்காரர், சமயகுரு. மந்திரக்காரர் குறுங்கத்தி தவிர வேறு ஆயுதத்தைத் தொடக் கூடாது. சண்டைக்காரருக்கு மந்திரம் கிடையாது. வேலி இவ்வளவு கெட்டியாக இருந்தால் ஏறிக் குதிக்க ஆசை வரத்தானே செய்யும்? எல்ஃப் என்ற கற்பனை இனத்தவருக்கு மட்டும் அப்போதே ஒரு சலுகை இருந்தது. ஒரு சாகசத்தில் சண்டைக்காரர், அடுத்ததில் மந்திரக்காரர் என்று மாறிக்கொள்ளலாம், நடு ஆட்டத்தில் மட்டும் மாறக் கூடாது. 1981-இல் வந்த பதிப்பில் எல்ஃப் என்பதே தனி கிளாஸ் ஆகி, வாளும் மந்திரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. விலையும் அதற்கேற்றபடி. ஆட ஆடப் பாத்திரம் படிப்படியாகத் தேறும்; இரண்டாம் படிக்கு ஏறச் சண்டைக்காரருக்கு 2000 அனுபவப் புள்ளி, மந்திரக்காரருக்கு 2500, எல்ஃபுக்கு 4000.

இப்படி இரண்டும் தெரிந்த பாத்திரத்தை, விளையாடுகிறவர்கள் பொதுவாகக் கிஷ் என்பார்கள். பாத்ஃபைண்டரில் அப்படிப்பட்ட ஒரு கிளாஸின் பெயர்தான் மேகஸ். அதே 1981-இல் வந்த ஃபீண்ட் ஃபோலியோ என்ற அரக்கர் தொகுப்பில் கித்யாங்கி என்று ஒரு இனம் வருகிறது. சார்லஸ் ஸ்ட்ராஸ் படைத்தது. இனத்தின் பெயரை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்த இனத்தில் வாளும் மந்திரமும் ஒருங்கே பயின்றவருக்குக் கிஷ் என்று பெயர். பிறகு அந்தப் பெயர் இனத்தை விட்டு இறங்கி எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. கற்பனை மொழியின் சொல், அதற்கு வேர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மேகஸ் அப்படியல்ல, நிஜமான பழஞ்சொல். பழம்பாரசீகத்தில் மகுஷ் என்றால் சடங்கு செய்யும் குருமார். கிரேக்கத்தில் மாகோஸ், லத்தீனில் மாகுஸ், அந்த வழியில் வந்ததே மேஜிக். இந்தச் சொல்லைத் தமிழில் பெயர்க்கும் தலைவலி நமக்குப் புதிதுமல்ல. பைபிளை மொழிபெயர்த்தவர்கள் எப்போதோ பட்டாயிற்று. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மாகோஸ்கள் பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் "கிழக்கிலிருந்து சாஸ்திரிகள்". கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் "ஞானிகள்". அதே சொல் அப்போஸ்தலர் நடபடிகளில் பர்யேசு என்பவனுக்கு வரும்போது "மாயவித்தைக்காரன்". ஒரே சொல்தான், பிடித்தவர் என்றால் சாஸ்திரி, பிடிக்காதவர் என்றால் வித்தைக்காரன். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் இடம் பார்த்துச் சொல் போட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

சரி, கலப்பின வகுப்புக்கு வருவோம்.

முதலில் வகுப்பு. தமிழில் வகுப்பு என்றால் ஒன்று பள்ளிக்கூடம், இல்லையென்றால் சாதி சமயம். பத்தாம் வகுப்பு, வகுப்புக் கலவரம், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம். புதிதாக விளையாட வந்த ஒரு பையனிடம் "நீ என்ன வகுப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று "பிளஸ் டூ" என்பான், இல்லையென்றால் முறைப்பான். இதற்கு நம்மிடம் சாதாரணமான சொல் ஒன்று இருக்கிறது: தொழில். மந்திரம் போடுவது அந்தப் பாத்திரத்தின் தொழில், திருடுவது இன்னொன்றின் தொழில். "உன் தொழில் என்ன?" என்று கேட்டால் ஒன்பது வயதுக் குழந்தையும் "நான் வாள்காரன்" என்று சரியாகப் பதில் சொல்லும்.

அடுத்து கலப்பினம். என் கோபத்தில் முக்கால்வாசி இங்கேதான். கலப்பின மாடு உண்டு, கலப்பின விதை உண்டு. ஹைப்ரிட் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமும் கால்நடை சமாச்சாரம்தானே என்று நண்பர் கேட்டார். உண்மைதான். லத்தீனில் அது வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அந்தப் பன்றி மறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நமக்கு அப்படி மறக்க வழியில்லை. கலப்பினம் என்ற சொல்லுக்குள்ளேயே இனம் உட்கார்ந்துகொண்டு முறைக்கிறது. அதிலும் இந்த விளையாட்டில் இனம் என்பது தாளில் தனிக் கட்டம்: மனிதர், எல்ஃப், குள்ளர். அரை எல்ஃப் என்று ஒருவர் இருக்கிறார், அப்பா மனிதர், அம்மா எல்ஃப். அவர்தான் ஐயா கலப்பினம்! அந்தச் சொல்லை மேகஸுக்குக் கொடுத்துவிட்டால் அரை எல்ஃபுக்கு என்ன கொடுப்பீர்கள்? அரை எல்ஃப் ஒருவர் மேகஸ் ஆனால், "கலப்பினக் கலப்பின வகுப்பினர்" என்று எழுதுவீர்களா?

விதிப்படி பார்த்தாலும் தப்பு. பாத்ஃபைண்டரில் ஹைப்ரிட் கிளாஸ் என்பது வாய்க்கு வந்தபடி சொல்லும் பேச்சல்ல. 2014-இல் வந்த அட்வான்ஸ்டு கிளாஸ் கைடு என்ற புத்தகத்தில் பத்தே பத்து தொழில்களுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். மேகஸ் அதற்கு மூன்று வருடம் முன்பே, 2011-இல், அல்டிமேட் மேஜிக் புத்தகத்தில் வந்தாயிற்று. அந்தப் பத்தில் மேகஸ் இல்லை. ஆக அந்தத் தொடர் தமிழாகவும் சரியில்லை, பெயர்த்த சரக்காகவும் சரியில்லை.

இதற்கு மாற்றாகச் சிலர் "மந்திர வீரன்" என்கிறார்கள், சிலர் "போர் மந்திரவாதி". இரண்டும் நல்ல தமிழ். எதை வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று நினைப்பதுதான் தவறு. தமிழில் தலை கடைசியில் இருக்கும். மந்திர வீரன் என்றால் ஆள் வீரன், மந்திரம் கூடுதல் சரக்கு. போர் மந்திரவாதி என்றால் ஆள் மந்திரவாதி, சண்டையும் போடுவார். இந்த வேறுபாடு விளையாட்டிலேயே இருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், 2014-இல், எல்ட்ரிச் நைட் என்று ஒருவர். அடிப்படையில் சண்டைக்காரர். மூன்றாம் படியில்தான் மந்திரம் தொடங்கும், இருபது படி ஏறினாலும் நான்காம் தர மந்திரத்துக்கு மேல் போகாது. கனமான கவசத்தோடு முன்வரிசையில் நிற்பார். இவர்தான் மந்திர வீரர். (தமிழ் எழுத்தில் நைட் என்று எழுதினால் இரவும் அதுதான், குதிரை வீரரும் அதுதான். "மாய இரவு" என்று ஒருவர் மொழிபெயர்த்து நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.) இன்னொரு பக்கம் பிளேட்சிங்கர். இவர் விசார்ட், முழு மந்திரவாதி, ஒன்பதாம் தரம் வரை போவார். கனத்த கவசமும் கேடயமும் அவருக்கு ஆகாது. வாளைச் சுழற்றியபடி ஒரு நடனம் ஆடி, புத்தியின் பலத்தில் அடியிலிருந்து தப்புவார். 2015-இல் வந்தபோது எல்ஃப்களுக்கும் அரை எல்ஃப்களுக்கும் மட்டும் என்று இருந்தது, 2020-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். இவரைப் போர் மந்திரவாதி என்றால் பொருந்தும். வாள் மந்திரவாதி என்றால் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

மேகஸ் இந்த இரண்டு தட்டிலும் உட்காரமாட்டார். ஒரு கையில் வாள், மறு கை காலி. அந்தக் காலிக் கையால் மந்திரம் போட்டுக்கொண்டே அதே மூச்சில் வாளையும் வீசுவார். அதற்கு அடுத்தபடி ஸ்பெல்ஸ்டிரைக்: தொட்டால் பலிக்கும் மந்திரத்தைக் கையால் தொட்டுக் கொடுக்காமல் வாளில் ஏற்றி, வெட்டோடு சேர்த்து இறக்கிவிடுவது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு 2021-இல் வந்த மேகஸில் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. ஒரு சுற்றில் உள்ள மூன்று செயலில் இரண்டை இந்த ஒரு வெட்டு தின்றுவிடும், மறுபடி வெட்ட ஒரு செயலைச் செலவழித்து மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். வெட்டு, ஏற்று, வெட்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய மூன்றாம் பதிப்பில் ஐந்து படி சண்டை, ஐந்து படி மந்திரம் என்று தனித்தனியாகக் கற்றுப் பார்த்தவர்கள் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? பத்தாம் படி மந்திரவாதி ஐந்தாம் தர மந்திரம் போடும்போது இவர்கள் மூன்றாம் தரத்தில் திண்டாடுவார்கள். முழுக்கவசம் போட்டிருந்தால் அதுவும் நூற்றுக்கு முப்பத்தைந்து தடவை வீண். மேகஸ் பிறந்ததே அந்த எரிச்சலுக்கு மருந்தாகத்தான். பாதி அது பாதி இது என்று கூட்டிக் கழித்து வந்தவரல்ல அவர், இரண்டும் ஒரே செயலாகிப்போனவர். அதனால்தான் "கலப்பு" என்ற சொல்லே அவருக்குப் பொருந்தவில்லை என்கிறேன்.

இந்த ஸ்பெல்ஸ்டிரைக்கை "மந்திரத் தாக்குதல்" என்று எழுதுகிறார்கள். தாக்குகிற மந்திரம் எல்லாமே மந்திரத் தாக்குதல்தான், இதில் என்ன தனி அடையாளம்? நம் ஊரில் பாட்டிகள் சர்வசாதாரணமாகச் சொல்லும் வினை ஒன்று இருக்கும்போது இந்தப் பொதுச்சொல் எதற்கு? மந்திரித்தல். மந்திரித்த கயிறு, மந்திரித்த தாயத்து, மந்திரித்த எலுமிச்சம்பழம். ஒரு பொருளுக்குள் மந்திரத்தை ஏற்றுவதற்கு இதைவிடத் துல்லியமான சொல் ஆங்கிலத்திலேகூட இல்லை. மந்திரித்த வெட்டு! முடிந்தது. மந்திரம் வடசொல் என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப" என்று தொல்காப்பியமே அதற்கு இலக்கணம் சொல்லி உள்ளே சேர்த்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் வெளியே நிறுத்தி விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. மறைமொழிதான் வேண்டுமென்றால் தாராளமாக எழுதுங்கள், நல்ல சொல். ஆனால் வாளையும் மறையையும் சேர்த்து "வாள்மறையோன்" என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். மறையோன் என்றால் அந்தணர். துரோணர், பரசுராமர் மாதிரி ஆட்களுக்குத்தான் அது பொருந்தும்.

மேகஸுக்கு, அதோடு கிஷ் என்ற பொதுப்பெயருக்கும், நான் முன்வைப்பது மந்திரவாளர். காரணம் புணர்ச்சியில் இருக்கிறது. மந்திர என்பதோடு வாளர் சேர்ந்தாலும் மந்திரவாளர்தான், மந்திர வாள் உடையவர். மந்திர என்பதோடு ஆளர் சேர்ந்தாலும் நடுவில் வகர உடம்படுமெய் வந்து மந்திரவாளர்தான், மந்திரத்தை ஆள்பவர். எந்தப் பக்கம் பிரித்தாலும் முழுச் சொல், எது தலை எது வால் என்ற சண்டையே இல்லை. ஒருமையில் மந்திரவாளன் என்று சொல்லுங்கள். மந்திரவாளி என்றால் கிணற்றடி நினைவுக்கு வரும். வாளி என்றால் பழந்தமிழில் அம்பு என்று என்னதான் எடுத்துச் சொன்னாலும் தண்ணீர் தளும்புவது நிற்காது.

இதை நண்பரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "மணவாளன் மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. மண என்பதோடு ஆளன் சேர்ந்து மணவாளன். அதே புணர்ச்சி, நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகப் புழங்குகிறது. மாப்பிள்ளை இடுப்பில் வாளைத் தேடி யாரும் குழம்பியதில்லை.

அடுத்த ஞாயிறு அவர் தாளை எட்டிப் பார்த்தேன். தொழில் என்ற கட்டத்தில் பென்சிலால் மந்திரவாளர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இனம் என்ற கட்டத்தில், மையால், கலப்பினம். அவர் பாத்திரம் அரை எல்ஃப்.