காய்ந்த சாலையில் முன் ஆக்சிலுக்கு என்ன வேலை?

இந்தக் குளிர்காலத்தில் இதே கோளாறோடு வந்த மூன்றாவது வண்டி இது. 1952-ஆம் ஆண்டு டாட்ஜ் பவர் வேகன். இரண்டு சக்கர இயக்கத்துக்கும் நான்கு சக்கர இயக்கத்துக்கும் மாற்றும் லீவர் சிக்கிக்கொண்டது என்று இழுவை வண்டியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். லீவரின் கழுத்தில் சுத்தியல் தழும்புகள் வேறு. முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினேன். டயர் தரையை விட்ட நொடியில், யாரும் தொடாமலே, கால் சுற்றுத் திரும்பி நின்றது. பிறகு லீவர் இரண்டு விரலுக்கு அடங்கி வந்துவிட்டது. (அந்த நேரத்தில் டயர் மேல் கை வைத்திருக்க வேண்டாம்.)

பனி பெய்த அன்று வண்டிக்காரர் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருக்கிறார். பனி உருகிச் சாலை காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "நான்கும் இழுத்தால் பிடிப்பு கூடும்தானே, அதுதானே பாதுகாப்பு?" என்கிறார்.

இல்லை. இதை எத்தனை முறைதான் சொல்வது! இந்த வண்டியின் டிரான்ஸ்பர் கேஸில் (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) நடு டிபரன்ஷியல் கிடையாது, அதாவது முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு இல்லை. நான்கில் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடுகள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போகின்றன. சேற்றிலோ பனியிலோ ஏதாவது ஒரு டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். காய்ந்த தாரில் எது வழுக்கும்? முறுக்கம் முழுவதும் ஷாஃப்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறி உட்கார்ந்து லீவரையும் பிடித்துக்கொள்கிறது. அவர் தினமும் ஓட்டும் புதுக் காரில் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்க ஜீப்புகளில் குவாட்ரா-டிராக் என்ற பெயரில் அப்படிப்பட்ட ஏற்பாடு வந்ததே 1973 மாடலில்தான். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும்.

பவர் வேகன் 1946-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து முக்கால் டன் டாட்ஜ் ராணுவ வண்டிகளின் வழிவந்தது. ஆனால் இது பொதுமக்களுக்கென்றே செய்யப்பட்டது. "நார்மண்டிப் போரில் ஓடிய வண்டி" என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆறு சிலிண்டர், 94 குதிரைத்திறன், பவர் டேக்-ஆஃப் (எஞ்சின் சக்தியால் வேறு கருவிகளை ஓட்டும் இணைப்பு), வேண்டுமானால் முன்னால் வின்ச் (கம்பிவடம் சுருட்டி இழுக்கும் கருவி). காட்டிலும் பண்ணையிலும் மின்கம்பி வேலையிலும் உழைக்கப் பிறந்தது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினாலே முனகும். அமெரிக்காவில் 1968 வரைதான் இதை விற்றார்கள். அதனால் உதிரிபாகம் பக்கத்துக் கடையில் கிடைக்காது. உடைத்துவிட்டு வந்து என்னிடம் முகம் சுளிக்காதீர்கள்.

சாலை காய்ந்ததா? உடனே இரண்டுக்கு மாற்றுங்கள். லீவர் வரவில்லையா? சுத்தியலைக் கீழே வையுங்கள். நேராகச் சில மீட்டர் பின்னால் போங்கள். அல்லது வண்டியைச் சரளை மண்ணில் இறக்கி ஓட்டுங்கள், முறுக்கம் தானாக அவிழும். லோ கியர் தொகுதியில் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போவதற்கானது) முன் ஆக்சிலும் கட்டாயம் சேர்ந்துகொள்ளும் என்பதால் தாரில் அதைத் தொடவே வேண்டாம். பிற்காலத்தில் யாராவது முன்சக்கரங்களில் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் விடுவிக்கவும் ஆன அமைப்பு) பொருத்தியிருந்தால், அது பூட்டியிருப்பதால் மட்டும் எதுவும் கெட்டுவிடாது, லீவர்தான் விஷயம்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: பணம் மிச்சம் என்று பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போடாதீர்கள். தேய்ந்த டயரும் புது டயரும் ஒரே சுற்றளவு இல்லை. நான்கில் போட்டால் நேர்ச்சாலையிலேயே முறுக்க ஆரம்பித்துவிடும். இந்த மூன்றாவது வண்டியில் அதுவும் இருந்தது.