ஃபேக்டர் எல்லாம் காரணி ஆகிவிடுமா?

புள்ளியியலுக்கான 'ஆர்' (R) என்ற கணிமொழியைத் தமிழில் சொல்லித்தர வருகிறவர்கள் 'வரிசைப்படுத்தப்பட்ட காரணி' என்று எழுதும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டியிருக்கிறது. வயது என்ற எண்ணை இளையோர், நடுவயதினர், முதியோர் என்று கூறுபோட்டால் கிடைப்பது காரணியாம். எதற்குக் காரணி? கேட்டால், மூலத்தில் 'ஆர்டர்டு ஃபேக்டர்' (ordered factor) என்று இருக்கிறதே என்பார்கள்.

ஃபேக்டர் என்பதற்கு இலத்தீனில் 'செய்பவர்' என்று பொருள். பிறருக்காக வணிகம் செய்யும் முகவரையும் அப்படி அழைத்தார்கள், பிறகு ஒன்றை விளைவிப்பதையும். புள்ளியியலில் அது பரவியது ரொனால்ட் ஃபிஷரின் வயல் சோதனைகளால். உரம் ஒரு ஃபேக்டர், அதை இட்ட அளவுகள் அதன் லெவல்கள். உரம் விளைச்சலை மாற்றுகிறது, ஆகவே அங்கே காரணி என்பது சரியான சொல். கணிமொழிக்கு வந்தபோது பெயர் ஒட்டிக்கொண்டது, பொருள் கழன்றுவிட்டது. ஆரில் ஃபேக்டர் என்பது வெறும் சேமிப்பு முறை: உள்ளே 1, 2, 3 என்று குறியெண்கள், மேலே அவற்றுக்கான பெயர்ச்சீட்டுகள். கண்ணின் நிறத்தையும் அதில் போடலாம். அது எதையும் விளைவிக்க வேண்டியதில்லை.

'பள்ளிப் பாடநூலில் ஃபேக்டர் காரணிதானே, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று வைத்தால் குழப்பமிருக்காது' என்பது எதிர்த்தரப்பு வாதம். நேர்மாறாகத்தான் நடக்கிறது. 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. இது ஒரு காரணி. பல அளவீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொதுக் கூறுகளைத் தேடுவது காரணிப் பகுப்பாய்வு. இது இன்னொன்று. இரண்டையும் ஆரிலேயே செய்யலாம். இனி 'காரணிகளைக் காரணியாக மாற்றியபின் காரணிப் பகுப்பாய்வு செய்யக்கூடாது' என்று ஒரு மாணவருக்கு எழுதிப் பாருங்கள். ஒரே சொல்லில் பல பொருளை அடைக்கும் மூலமொழியின் நெருக்கடியை நாமும் விலை கொடுத்து வாங்குவானேன்?

'வரிசைப்படுத்தப்பட்ட' இன்னும் மோசம். அதைப் படிப்பவர் தரவைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டார்கள் என்றே நினைப்பார். இங்கே அடுக்கப்படுவது தரவு அன்று. குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற வகைகளுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு என்று கணினிக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் அது பெயர்ச்சீட்டுகளை அகரவரிசையில் எடுத்துக்கொண்டு அதிகம், குறைவு, நடுத்தரம் என்று வரைபடம் போடும். அகரவரிசையும் வரிசைதானே!

எண்களை இடைவெளிகளாக வெட்டும் 'கட்' (cut) என்ற செயற்கூற்றில் (function) சிக்கல் முற்றுகிறது. அது தரும் வகைகள் சிறியதிலிருந்து பெரியதாகச் சரியாகவே நிற்கும். ஆனால் தனியாகக் கேட்டாலொழிய அது ஆர்டர்டு ஃபேக்டர் ஆகாது. 'இதைவிடக் குறைவானவர் யார்' என்று வினவினால் எச்சரிக்கையோடு விடையின்மைதான் வரும். பைத்தான் என்ற இன்னொரு கணிமொழியில், தரவைக் கையாளும் பாண்டாஸ் நிரல்தொகுப்பில் இதே பெயருள்ள செயற்கூறு, வகைகளுக்கு ஏற்றத்தாழ்வு உண்டென்று தானாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைக் காரணிக்காரர்களின் தமிழில் விளக்கினால் 'வரிசையில் உள்ளது, ஆனால் வரிசைப்படுத்தப்படவில்லை' என்றாகும். விளங்கினாற்போலத்தான்.

என் பரிந்துரை: ஃபேக்டருக்கு வகைமாறி, ஆர்டர்டு ஃபேக்டருக்குப் படிவகை. ஒவ்வொரு லெவலும் ஒரு படி, படி என்றாலே மேல் கீழ் உண்டு. எண்களை வெட்டி இவற்றை உண்டாக்கும் செயலுக்கு வகுப்பிடல். ஆங்கிலத்தில் அதற்குள்ள 'பின்னிங்' (binning) என்ற பெயரைப் பார்த்துத் 'தொட்டியிடல்' என்று எழுதுவோரிடம் எனக்குச் சண்டைகூட இல்லை, இரக்கம்தான். வகு என்ற ஒரே வேரில் வகுத்தலும் வகுப்பும் வகையும் கிளைக்கின்றன. 'வகுத்தான் வகுத்த வகை' என்று 377-ஆம் குறளே இரண்டைச் சேர்த்து வைத்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் 'கிளாஸ் இன்டர்வல்' என்பதற்கு வைத்திருக்கும் வகுப்பாயிடையிலும் அதே வேர்தான். கையில் இருக்கும்போது தொட்டி எதற்கு?

பெயருக்காக மட்டும் இவ்வளவு மல்லுக்கட்டவில்லை. உடல் நிறை குறியீட்டில் (பிஎம்ஐ) 18.5 முதல் 25-க்குக் கீழ்வரை இயல்பு, 25 தொட்டால் அதிக எடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பு. அந்த எல்லைகளைக் 'கட்'டிடம் அப்படியே கொடுத்தால், அது வலது எல்லையைச் சேர்த்துக்கொண்டு இடதை விட்டுவிடும். சரியாக 25 உள்ளவர் இயல்பில் விழுவார், 18.5 உள்ளவர் குறை எடையில் விழுவார். முதல் எல்லைக்குச் சமமான எண் எந்த வகுப்பிலும் சேராமல் விடுபட்டே போகும். வலது எல்லையை விலக்கச் சொல்லி ஒரு சொல் சேர்த்தால் முதல் இரண்டும் மட்டுமல்ல, மூன்றாவதும் தீரும், ஆனால் கடைசி எல்லையில் உள்ளவர் வெளியே நிற்பார். அவரையும் உள்ளே விட இன்னொரு சொல் வேண்டும். பாடங்களில் இதை எழுதலாம். எழுத வேண்டிய இடத்தில் 'காரணியாக்கம் நிறைவுற்றது' என்று முடித்துவிடுகிறார்கள்.